சூடத்துக்குள் இரண்டு வளையம்: பைசைக்ளோ சேர்மங்களின் பெயரும் அமைப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது வருடா வருடம் திரும்பி வரும் கேள்விகள் இவை. உதாரணங்களை முடிந்த மட்டும் நாட்டு மருந்துக் கடையிலிருந்தே எடுத்திருக்கிறேன். சூடம், நீலகிரித் தைலம், வெட்டிவேர், அந்துருண்டை என்று அங்கே மணக்கிற சரக்கில் பாதி இரண்டு வளையக்காரர்கள்தான்.

இரண்டு வளையம் இருந்தால் போதும், பைசைக்ளோ என்று எழுதிவிடலாமா?

கூடாது. பைஃபீனைலில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒரு பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. அதற்கு இந்தப் பெயர் வராது. இரண்டு வளையங்களும் அணுக்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பொதுவான அணு ஒன்றே ஒன்று என்றால் அது ஸ்பைரோ. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அணுக்கள் பொது என்றால் பிணைந்த வளையம். பொது அணுக்களில் வளையங்கள் பிரியும் இரண்டு முனைகளும் ஒட்டி இல்லாமல், நடுவே வேறு அணு இருந்தால் பாலம் போட்ட வளையம். வளையங்கள் கூடும் அந்த இரண்டு முனை அணுக்களைப் பாலத்தலை என்போம். வகுப்பில் எல்லோரும் பிரிட்ஜ்ஹெட் என்றுதான் சொல்கிறோம்.

பைசைக்ளோ என்ற பெயர் பின் இரண்டு வகைக்கும் பொருந்தும். ஸ்பைரோவுக்குத் தனிப் பெயர் முறை உண்டு. அது கீழே வருகிறது.

சூடத்தின் படத்தில் எனக்கு மூன்று வளையம் தெரிகிறதே?

கண் பொய் சொல்லவில்லை. ஓர் ஆறு உறுப்பு வளையமும் இரண்டு ஐந்து உறுப்பு வளையங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் வளையத்தைக் கண்ணால் எண்ணக் கூடாது, கத்தரிக்கோலால் எண்ண வேண்டும். எத்தனை பிணைப்பை வெட்டினால் வளையமே இல்லாத சங்கிலி கிடைக்கிறது? இரண்டு. அப்படியானால் இருவளையம்.

வாய்பாட்டை வைத்தும் சரிபார்க்கலாம். சூடத்தில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். 10 கார்பன் உள்ள நிறைவுற்ற சங்கிலிக்கு 22 ஹைட்ரஜன் வேண்டும். 6 குறைகிறது, அதாவது 3 ஜோடி. ஒரு ஜோடி கார்பனைல் தொகுதியின் (கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தது) இரட்டைப் பிணைப்புக்குப் போகிறது. மீதி இரண்டும் வளையங்களின் கணக்கு.

பைசைக்ளோ[2.2.1] என்று எழுதும்போது சதுர அடைப்புக்குள் இருக்கும் மூன்று எண்கள் எதைச் சொல்கின்றன?

இரண்டு ஜங்ஷன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மூன்று ரூட். ஒவ்வொரு ரூட்டிலும் நடுவில் எத்தனை ஸ்டாப் என்பதுதான் அந்த எண்கள். பாலத்தலை அணுக்கள்தான் ஜங்ஷன், ரூட்டுகள்தான் பாலங்கள். பெரிய எண் முதலில், சிறியது கடைசியில், நடுவே முற்றுப்புள்ளி. காற்புள்ளி போடாதீர்கள். விடைத்தாள்களில் [2,2,1] என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சூடத்தின் எலும்புக்கூடு பைசைக்ளோ[2.2.1]ஹெப்டேன். இரண்டு ஸ்டாப், இரண்டு ஸ்டாப், ஒரு ஸ்டாப். கூட்டினால் 5 வருகிறது, பெயரோ ஹெப்டேன், அதாவது 7. ஜங்ஷன்கள் இரண்டையும் அடைப்புக்குள் எண்ணவில்லை, மொத்தத்தில் எண்ணுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பைசைக்ளோ[2.2.1]பென்டேன் என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். கூட்டி 2 சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தப்பு பிறகு வராது.

ஒரு ரூட்டில் ஸ்டாப்பே இல்லை, ஜங்ஷன்கள் நேராக ஒட்டியிருக்கின்றன என்றால் அங்கே 0. இரண்டு ஆறு உறுப்பு வளையங்கள் ஒரு பக்கத்தால் ஒட்டிய டெக்கலின், பைசைக்ளோ[4.4.0]டெக்கேன். இருப்பதிலேயே சின்னது பைசைக்ளோ[1.1.0]பியூட்டேன். இரண்டு முக்கோணங்கள் முதுகோடு முதுகாக ஒட்டிய உருவம்.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் அடால்ஃப் ஃபான் பேயர், 1900-இல். 1905-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அதனால் இதற்குப் பேயர் பெயரிடல் என்றே பெயர்.

எண் இடுவதை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது?

ஒரு ஜங்ஷனில் 1 போடுங்கள். நீளமான ரூட்டில் நடந்து அடுத்த ஜங்ஷனுக்குப் போங்கள். அங்கே நிற்காமல் நடுத்தர ரூட் வழியாக 1-க்குத் திரும்புங்கள். கடைசியில் குட்டி ரூட்.

குட்டி ரூட்டை எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பைசைக்ளோ[4.3.2]அன்டெக்கேனை எடுத்துக்கொள்வோம். முதல் ஜங்ஷன் 1. நீள ரூட்டில் 2, 3, 4, 5. இரண்டாம் ஜங்ஷன் 6. திரும்பும் ரூட்டில் 7, 8, 9. இப்போது 1-இன் வாசலில் வந்து நிற்கிறோம். 10 எங்கே? 1-ஐ ஒட்டிய அணுவில். 11 போவது 6-ஐ ஒட்டிய அணுவுக்கு. நடந்துகொண்டே இருக்கிறோம், எங்கேயும் பின்வாங்கவில்லை.

சரி, சூடத்துக்கு ஏன் 1,7,7-டிரைமெத்தில்...2-ஓன்? வேறு எண்கள் வராதா?

இதை ஒரு தடவை நிதானமாகச் செய்து பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். சூடத்தில் ஒரு ஜங்ஷனில் மெத்தில் தொகுதி இருக்கிறது, மற்றதில் இல்லை. ஒற்றை ஸ்டாப் ரூட்டில் இரண்டு மெத்தில்கள். மெத்தில் உள்ள ஜங்ஷனுக்கு அடுத்த கார்பனில், இரண்டு ஸ்டாப் ரூட் ஒன்றில், கீட்டோன், அதாவது முன்னே சொன்ன கார்பனைல். பெயரின் வாலில் வரும் 'ஓன்' அதைத்தான் குறிக்கிறது.

மெத்தில் உள்ள ஜங்ஷனை 1 என்று வைத்துக் கீட்டோன் பக்கமாக நடந்தால் கீட்டோனுக்கு 2 கிடைக்கிறது. அதே ஜங்ஷனில் தொடங்கி எதிர்ப்பக்கம் நடந்தால் சுற்றி வந்து 6. மெத்தில் இல்லாத ஜங்ஷனில் தொடங்கினால் கீட்டோனுக்கு 3 அல்லது 5. முதன்மை வினைச்செயல் தொகுதிக்கு (இங்கே கீட்டோன்) குறைந்த எண் வேண்டும் என்பதால் 2 ஜெயிக்கிறது. மெத்தில்கள் அதன் பின்னால் போகின்றன: 1, 7, 7. முழுப் பெயர் 1,7,7-டிரைமெத்தில்பைசைக்ளோ[2.2.1]ஹெப்டேன்-2-ஓன்.

இங்கே முன்னுரிமை வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பேயர் நடை, அதில் சமரசமே இல்லை. அதற்குள் வாய்ப்பு மிச்சமிருந்தால் ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற வேற்று அணுக்களுக்குக் குறைந்த எண். பிறகு முதன்மைத் தொகுதி. பிறகு இரட்டைப் பிணைப்பு. மெத்தில் போல ஹைட்ரஜனின் இடத்தில் வந்து ஒட்டும் பதிலிகளுக்குக் கடைசி இடம்.

டர்பன்டைனிலிருந்து சூடம் தயாரிக்கிறார்கள் என்கிறார்களே, இரண்டும் ஒரே எலும்புக்கூடா?

இல்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனில் முக்கியமானது ஆல்ஃபா-பைனீன்: 2,6,6-டிரைமெத்தில்பைசைக்ளோ[3.1.1]ஹெப்ட்-2-ஈன். சூடம் [2.2.1]. இரண்டையும் கூட்டினால் 5 தான். ஆனால் ஸ்டாப்புகள் ரூட் மாறியிருக்கின்றன.

மாறுவது இப்படி. பைனீனுக்குள் ஒரு நான்கு உறுப்பு வளையம் நெருக்கடியில் தவிக்கிறது. இரட்டைப் பிணைப்பில் ஒரு புரோட்டான் ஏறியதும், மெத்தில் தாங்கிய 2-ஆம் கார்பன் நேர்மின்சுமை பெறுகிறது. பக்கத்தில் இருக்கும் 1-ஆம் கார்பன், தான் பிடித்திருந்த 6-ஆம் கார்பனை விட்டுவிடுகிறது. அந்த 6 போய் 2-ஐப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு பிணைப்பு இடம் மாறியதில் நான்கு உறுப்பு வளையம் ஐந்து உறுப்பாக விரிந்துவிட்டது.

இப்போது புதிதாக எண்ணுங்கள். ஜங்ஷன்கள் பழைய 2-உம் 5-உம். நடுவில் பழைய 6 தனியாக ஒரு ரூட். அதன் மேல் இரண்டு மெத்தில்கள். பழைய 3-உம் 4-உம் ஒரு ரூட். பழைய 1-உம் 7-உம் இன்னொரு ரூட். [2.2.1] வந்துவிட்டது! மெத்தில் தாங்கிய ஜங்ஷன்தான் சூடத்தின் 1. இரண்டு மெத்தில் உள்ளது 7. நேர்மின்சுமை இப்போது நிற்கும் இடம் 2. பிற்பாடு ஆக்சிஜன் வந்து உட்காரப்போகும் அதே 2.

தொழிற்சாலை இந்த நேர் வழியில் முடிப்பதில்லை. பைனீன் முதலில் காம்ஃபீனாகிறது. அதில் அசெட்டிக் அமிலம் சேர்ந்து ஐசோபோர்னைல் அசெட்டேட், அதிலிருந்து ஐசோபோர்னியால், கடைசியில் ஆக்சிஜனேற்றம் செய்து சூடம். வழி சுற்றானாலும் பிணைப்பு இடம்பெயரும் தந்திரம் ஒன்றேதான். அதற்கு வாக்னர்–மீர்வைன் இடமாற்றம் என்று பெயர். சூடத்தின் சரியான அமைப்பை யூலியுஸ் பிரெட் 1893-இல் சொன்னார். 1903-இல் ஃபின்லாந்தின் குஸ்தாஃப் கொம்ப்பா அதை முழுமையாகத் தொகுத்துக் காட்டினார்.

வளையத்துக்குள் ஆக்சிஜனோ நைட்ரஜனோ வந்தால்?

கார்பன் போலவே எண்ணிவிட்டு, பெயருக்கு முன்னால் ஆக்சிஜனுக்கு ஆக்சா, நைட்ரஜனுக்கு அசா, கந்தகத்துக்குத் தையா என்று ஒட்டுங்கள். நீலகிரித் தைலத்தின் மூக்கைத் துளைக்கும் வாசம் சினியோலுடையது: 1,3,3-டிரைமெத்தில்-2-ஆக்சாபைசைக்ளோ[2.2.2]ஆக்டேன். மூன்று ரூட்டும் சமம் என்பதால் எங்கே தொடங்கலாம் என்பதில் நிறைய சுதந்திரம். ஆக்சிஜனுக்கு 2 கிடைக்கும்படி தொடங்குகிறோம்.

ஊமத்தையில் கதை வேறு. அதிலுள்ள அட்ரோபினின் எலும்புக்கூடு டிரோப்பேன்: 8-மெத்தில்-8-அசாபைசைக்ளோ[3.2.1]ஆக்டேன். நைட்ரஜனுக்குக் குறைந்த எண் தர வேண்டுமே, ஏன் 8 என்று கேட்பார்கள். நைட்ரஜன் ஒற்றை ஸ்டாப் ரூட்டில் நிற்கிறது. குட்டி ரூட்டைக் கடைசியில்தான் நடக்க வேண்டும். முன்னே சொன்ன 'சமரசமே இல்லை' என்பது இதுதான்.

பெனிசிலினும் இந்தக் கூட்டம்தான்: 4-தையா-1-அசாபைசைக்ளோ[3.2.0]ஹெப்டேன். நைட்ரஜன் ஜங்ஷனிலேயே உட்கார்ந்திருக்கிறது. 0 என்ற எண், நான்கு உறுப்பு வளையமும் ஐந்து உறுப்பு வளையமும் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்வதைக் காட்டுகிறது. அந்த நான்கு உறுப்பு வளையத்தின் நெருக்கடியால்தான் பாக்டீரியாவின் நொதி தொட்டவுடன் வளையம் திறந்துகொள்கிறது. மருந்தாக வேலை செய்வதும் அதனால்தான்.

நாப்தலீனை ஏன் பைசைக்ளோ[4.4.0] என்று அழைப்பதில்லை?

அழைத்தால் புரியும், ஆனால் விதி வேறு. ஐந்து அல்லது அதற்கு மேல் உறுப்புகள் உள்ள இரண்டு வளையங்கள் ஒரு பக்கத்தால் ஒட்டியிருந்தால் பிணைந்த வளையப் பெயரிடலுக்கே முதலிடம். அங்கே எண்களும் வேறு: ஜங்ஷன்களுக்குத் தனி எண் கிடையாது, 4ஏ, 8ஏ என்று வால் ஒட்டித்தான் எண். அதனால் டெக்கலினின் ஜங்ஷன்கள் பேயர் முறையில் 1, 6. நாப்தலீன் முறையில் 4ஏ, 8ஏ. இரண்டையும் ஒரே பெயரில் கலந்து அச்சடித்த ஒரு கைடை நம்பி நானே ஒரு முழு வகுப்புக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மறுநாள் போய்த் திருத்த வேண்டியதாயிற்று.

(இப்போது கடையில் கிடைக்கும் எல்லா அந்துருண்டையும் நாப்தலீன் இல்லை, பாரா-டைகுளோரோபென்சீன் உருண்டைகளும் உண்டு. அதில் ஒரு வளையம்தான்.)

ஸ்பைரோவில் ஏன் இரண்டே எண்கள்? அதுவும் சிறியது முதலில்?

ஜங்ஷன் ஒன்றுதான், ரூட்டும் இரண்டுதான். ஸ்பைரோ[4.5]டெக்கேன்: 4-உடன் 5, ஜங்ஷன் 1, ஆக 10. எண் இடுவது ஜங்ஷனில் தொடங்காது. சின்ன வளையத்தில் ஜங்ஷனை ஒட்டிய அணுவில் தொடங்கி, அதைச் சுற்றி முடித்து, ஜங்ஷனுக்கு 5 கொடுத்து, பிறகு பெரிய வளையம். பைசைக்ளோவுக்கு எல்லாமே தலைகீழ். ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான்.

இந்தக் கூட்டுக்கு வெட்டிவேர் நல்ல உதாரணம். வெட்டிவேர் எண்ணெயில் ஆல்ஃபா-வெட்டிவோன், பீட்டா-வெட்டிவோன் என்று இரண்டு கீட்டோன்கள் உண்டு. இரண்டுமே ஐந்து உறுப்பும் ஏழு உறுப்பும் ஒட்டிய பைசைக்ளோ[5.3.0] எலும்புக்கூடு என்று வெகுகாலம் நம்பினார்கள். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷல், பீட்டா-வெட்டிவோன் உண்மையில் ஸ்பைரோ[4.5] என்று காட்டினார். ஆல்ஃபாவோ இரண்டு ஆறு உறுப்பு வளையங்கள் ஒட்டிய [4.4.0] வகை. ஒரே வேரில் இரண்டு வகை!

பாலத்தலையில் இரட்டைப் பிணைப்பு வராது என்பது உண்மையா?

சிறிய பாலம் போட்ட வளையங்களில் உண்மை. இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன் தன்னைச் சுற்றியுள்ள மூன்று அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாக இருக்க வேண்டும் என்று கேட்கும். [2.2.1]-இல் ஜங்ஷன் கார்பனின் மூன்று ரூட்டும் குடைக்கம்பி மாதிரி ஒரே பக்கம் வளைந்து கிடக்கின்றன. தட்டையாக்க வழியே இல்லை. சூடத்தின் அமைப்பைச் சொன்ன அதே பிரெட் 1924-இல் இதை விதியாக எழுதினார்.

இதே காரணம் வேறு இடங்களிலும் தலைகாட்டும். 1939-இல் பார்ட்லெட்டும் நாக்ஸும் [2.2.1] வளையத்தின் ஜங்ஷனில் குளோரின் உள்ள ஒரு சேர்மத்தை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த ஆல்கஹாலில் 21 மணி நேரம் காய்ச்சினார்கள். குளோரின் அசையவில்லை. குளோரின் முதலில் தானாகப் பிரியும் வழியான எஸ்என்1-க்குத் தட்டையான கார்பன் அயனி வேண்டும், அது முடியாது. புதிய தொகுதி வரும்போதே குளோரினைத் தள்ளும் வழியான எஸ்என்2-க்குப் பின்பக்கமாக வந்து தாக்க வேண்டும், பின்பக்கத்தில் கூண்டு அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வளையம் பெரிதானால் விதி தளரும். 1967-இல் பைசைக்ளோ[3.3.1]நான்-1-ஈன் தயாரித்துவிட்டார்கள், அதற்குள் ஓர் எட்டு உறுப்பு வளையம் டிரான்ஸ் (வளையம் இரண்டு எதிர்ப் பக்கங்களில் தொடரும்) இரட்டைப் பிணைப்போடு இருக்கிறது, எட்டில் அது தாங்கும். 2024 நவம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நீல் கார்க் குழுவினர், சிறிய வளையங்களிலும் விதியை மீறும் ஆல்க்கீன்களை உண்டாக்கி, அவை சிதைவதற்குள் வேறொரு மூலக்கூறோடு வினைபுரிய வைத்துப் பிடித்தார்கள். 'விதி பொய்த்துவிட்டது' என்று செய்தித் தலைப்புகள் வந்தன. புட்டியில் போட்டு அலமாரியில் வைக்க முடியாத வரைக்கும் விதிக்குப் பெரிய சேதமில்லை என்பது என் எண்ணம். பரீட்சையில் பழையபடியே எழுதுங்கள்.

எக்ஸோ, எண்டோ எப்போதும் குழப்புகிறது.

மிகச் சிறிய பாலத்தைக் கூரை என்று வையுங்கள். பதிலி கூரை இருக்கும் பக்கம் பார்த்தால் எக்ஸோ, கீழே குழிக்குள் பார்த்தால் எண்டோ. பொதுவாக வினைக்காரணிகள் எக்ஸோ பக்கத்திலிருந்தே வருகின்றன, அங்கே நெரிசல் குறைவு. சூடத்தில் மட்டும் கூரை மேல் இரண்டு மெத்தில்கள் உட்கார்ந்து வழியை மறிக்கின்றன. அதனால் கீட்டோனை ஆல்கஹாலாக மாற்றும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கீழிருந்து தாக்குகிறது, ஹைட்ராக்சில் மேலே தள்ளப்படுகிறது. கிடைப்பது பெரும்பாலும் எக்ஸோ ஆல்கஹாலான ஐசோபோர்னியால். மெத்தில் இல்லாத நார்காம்ஃபரில் விடை நேர் எதிர்.

டிரைசைக்ளோ, அதாவது மூன்று வளையம் வந்தால் என்ன செய்வது?

முதலில் பைசைக்ளோவாக எண்ணிவிட்டு, மிஞ்சிய பாலத்தை நான்காவது எண்ணாகச் சேர்த்து, அது எந்த இரண்டு அணுக்களை இணைக்கிறது என்பதை அதன் தலைமேல் சின்ன எண்களாகப் போடுங்கள். அடமன்டேனில் அடைப்புக்குள் 3.3.1.1, கடைசி 1-இன் மேல் 3,7.

சூடத்தில் இரண்டு கைரல் மையம் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டிய கார்பன்). நான்கு மாற்றியங்கள், அதாவது அணுக்கள் வெளியில் நிற்கும் விதம் மட்டும் மாறிய நான்கு வடிவங்கள், வர வேண்டாமா? ஏன் இரண்டுதான்?

இதற்குப் படம் போட்டு விளக்கிப் பயனில்லை, கையால் செய்து பாருங்கள். துடைப்பத்திலிருந்து நாலைந்து ஈர்க்குச்சி, பிசைந்த கோதுமை மாவில் கொஞ்சம். ஒரே நீளமாக ஒடித்த ஆறு குச்சிகளை ஆறு மாவு உருண்டைகளில் செருகி ஒரு வளையம் செய்யுங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு உருண்டைகளை மேலே தூக்கினால் வளையம் ஓடம் போல வளையும். இன்னொரு உருண்டையை எடுத்து இரண்டு குச்சிகளால் அந்த இரண்டு மேடுகளையும் இணையுங்கள். சட்டென்று பொருந்தும். இது [2.2.1].

இப்போது அதே குச்சிகளில் ஒன்றை ஒரு உருண்டையின் மேற்பக்கத்திலும் மற்றதை எதிர் உருண்டையின் அடிப்பக்கத்திலும் செருகி, நடு உருண்டையில் சேர்க்கப் பாருங்கள். நான்கில் மீதி இரண்டு மாற்றியங்கள் இந்த உருவம்தான். ஒன்று குச்சி ஒடியும், இல்லை உருண்டை பிய்ந்து வரும். ஒரு மையத்தின் அமைப்பு முடிவானதும் மற்றதன் அமைப்பும் தானாக முடிவாகிவிடுகிறது. அதனால் வலது கைச் சூடம் ஒன்று, இடது கைச் சூடம் ஒன்று, அவ்வளவே. கற்பூர மரத்திலிருந்து வருவது வலஞ்சுழி (ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்புவது), இரு மையத்துக்கும் பெயரில் ஆர் (R) என்ற குறி. டெக்கலினில் இந்தக் கட்டாயம் இல்லை: அங்கே சிஸ், டிரான்ஸ் இரண்டையும் குச்சியில் செய்யலாம், ஆனால் இன்னும் மூன்று உருண்டை மாவு வேண்டும்.